கையறுநிலையும் செவியறிவுறூஉவும்

பேரழிவு கண்ட ஊர்களில் கதை சொல்லுதல் இன்று ஒரு தொண்டாகவும், ஓரளவு தொழிலாகவும் வளர்ந்துள்ளது. ஜப்பானியர் அவ்வாறு சொல்வோரைக் 'கதாரிபே' என்பர். பண்டு அரசவையில் பழங்கதைகளை வாய்மொழியாக ஓதியோர்க்கு வழங்கிய பெயர் அது. இன்று ஹிரோஷிமாவிலும் கோபேயிலும், 2011 மார்ச் 11-ஆம் நாள் ஆழிப்பேரலை அழித்த வடகிழக்குக் கரையிலும், தாம் பட்டதைத் தம் வாயாற் சொல்வோர்க்கு அது பெயராயிற்று. மினாமிசன்ரிக்கு ஊரில் தங்குவிடுதி ஒன்று விருந்தினரைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, அழிந்த இடங்களைக் காட்டிக் கதை சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திற்று.

வருவோர் செலவிடும் பொருள் ஊர் மீண்டெழ உதவுகிறது. ஆதலின் இதனைத் துயர வாணிகம் என ஒரே சொல்லில் ஒதுக்குதல் முறையன்று. எனினும் சொல்லப்படும் கதை எத்தகையது என ஆராய்தல் நம் கடமை.

நம் புறத்துறைகள் இரண்டு இதற்கு அளவுகோலாகும். இறந்தாரை எண்ணி இரங்குவது கையறுநிலை. அறத்தை ஆள்வோன் செவியில் இடுவது செவியறிவுறூஉ. முன்னது கண்ணை நனைக்கும். பின்னது கடமையைத் தொடும்.

சுற்றுலா வருவோர் பெரும்பாலும் முன்னதையே விரும்புவர். இல்லையேல் ஆறுதலைத் தேடுவர். ரிக்குசென்தகாத்தாவில் ஏறத்தாழ 70,000 பைன் மரங்களுள் ஒன்றே அலைக்குத் தப்பி நின்றது. உப்பு நீரால் அதுவும் பட்டுப்போயிற்று. 2012-இல் அதனை வெட்டினர்; பின்னர்ப் பதப்படுத்தி மீண்டும் நிறுத்தினர். நம்பிக்கையின் சின்னமாக மக்கள் அதனைப் போற்றுகின்றனர். அதில் பிழையில்லை. ஆனால் அம்மரம் எவரையும் வினவுவதில்லை.

இஷினொமாக்கி நகரைச் சேர்ந்த ஓகாவா தொடக்கப்பள்ளியோ வினவுகிறது. அன்று பிற்பகல் 2.46-க்கு நிலம் அதிர்ந்தது. மாணவர்கள் ஏறத்தாழ 50 நிமிடம் திடலிலேயே நிறுத்தப்பட்டனர். பள்ளியின் பின்புறமே குன்று. பாடத்தின் பகுதியாகப் பிள்ளைகள் காளான் வளர்த்த இடம் அது. அவர்கள் அங்கே ஏற்றப்படவில்லை. 74 மாணவரும் 10 ஆசிரியரும் மாண்டனர். பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். பேரிடர்க்கு முன்னரே தக்க ஏற்பாடு செய்யாமை குற்றம் என 2018-இல் செந்தாய் உயர்நீதிமன்றம் கூறிற்று; 2019-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. ஒதுங்கும் இடமாக ஏட்டில் எழுதியிருந்தது, 'அருகிலுள்ள வெற்றிடம், பூங்கா' என்ற பொதுச்சொற்களே. இன்ன இடம் எனக் குறிக்கவில்லை.

பிள்ளைகளை இழந்த பெற்றோரே இங்குக் கதை சொல்கின்றனர். வருவோரைக் குன்றின்மீது அழைத்துச் செல்கின்றனர். இக்கதையின் ஆற்றல் இங்கேதான் உள்ளது. அழுகையை வருவிக்கும் அடைமொழி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. திடலிலிருந்து குன்றுக்கு நடந்து பார்த்தாலே போதும். எத்தனை குறைந்த நேரம் என்பதைக் கேட்பவரின் கால்களே உணரும். இரக்கமாகத் தொடங்கியது அறிவுரையாக முடிகிறது. இதனையே சிறந்த கதைசொல்லல் என்பேன்.

இதற்கு மறுப்பும் உண்டு. அக்கட்டடத்தைக் காணப் பொறாதோரும் அவ்வூரில் இருந்தனர். இடித்துவிட வேண்டும் என்றனர். இழந்தோர் அனைவரும் வழக்காடவும் இல்லை. கருத்து வேற்றுமைக்கிடையே 2016-இல் நகராட்சி அதனைக் காக்க முடிவு செய்தது. 2021-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. ஆகவே நல்ல கதைசொல்லி தன் மகவைப் பற்றியே பேசவேண்டும். வாய் திறவாதோர்க்கும் சேர்த்துப் பேசலாகாது. சுற்றுலா நடத்துவோர் ஊருக்கு ஒரே கதை வேண்டுமென நெருக்கும்போதுதான் இவ்வறம் பிறழ்கிறது. காட்சிக்கு ஒரு கதை போதும்; உண்மைக்குப் பல வேண்டும்.

செவியறிவுறூஉவைக் கேட்கவேண்டியவன் அதிகாரம் உடையவன். அன்று அவன் அரசன்; இன்று, பிள்ளைகளைப் பொறுத்தவரை, தலைமையாசிரியன். ஓகாவாவில் அன்று தலைமையாசிரியர் பள்ளியில் இல்லை. இதனைப் படித்த இரவு, தோட்டப்பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் பள்ளியின் அவசரகால ஏட்டை எடுத்துப் பார்த்தேன். ஒதுங்கும் இடத்திற்கு நேரே 'பொருத்தமான திறந்தவெளி' என்றிருந்தது. எழுதியவன் நானே. அதனை அடித்துவிட்டு, ஆற்றங்கரை லயத்துக்கு மேலுள்ள மேட்டின் பெயரை எழுதினேன். பிறகு மாணவர்களுடன் அங்கு நடந்து பார்த்தேன்.

ஆசிரிய நண்பர்காள், நும் பள்ளி ஏட்டில் என்ன எழுதியுள்ளது?