நேப்பிள்ஸ் பக்கமே என் ஓட்டு

மத்தியதரைக் கடலோரத்தில் ஒரே ஒரு ஊருக்குப் போய்வரக் காசும் லீவும் இருக்கிறது, மார்செயா நேப்பிள்ஸா என்று யார் கேட்டாலும் நேப்பிள்ஸ் என்றே சொல்வேன். மார்செயைக் குறைத்து மதித்து அல்ல. இரண்டும் கிரேக்கர்கள் வந்து குடியேறிய துறைமுகங்கள். அழுக்கு, பிக்பாக்கெட், சுவரெல்லாம் கிறுக்கல், காதைத் துளைக்கும் ஸ்கூட்டர் சத்தம் என்று இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கெட்ட பெயர். விருந்தாளிக்காகத் துடைத்து வைத்த ஊர்கள் இல்லை என்பதாலேயே இரண்டும் எனக்குப் பிடிக்கும்.

மார்செய் வெளிச்சத்தின் ஊர். பழைய துறைமுகத்தின் வடகரையில் நெருக்கியடித்துக் கிடந்த குடியிருப்பை 1943-இல் ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இன்று அங்கே கடலைப் பார்த்து நிற்பவை போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 2013-இல் கரையோரம் நிறுத்திய பளபளக்கும் எஃகுக் கூரையின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், நடந்துபோகிறவர்கள் எல்லாரும் தலைகீழாகத் தெரிகிறார்கள். ஊரின் தெற்கே, சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே 1952-இல் முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு. பூசாத கான்கிரீட்டில் 337 வீடுகள். பலகை அடித்து வார்த்த இடங்களில் மரத்தின் வரிகூட அப்படியே பதிந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதற்குப் 'பைத்தியக்காரன் வீடு' என்று பெயர் வைத்தார்கள். மாலை வெயில் அந்த மாடங்களின் சிவப்பிலும் மஞ்சளிலும் விழும்போது கட்டடமே விழித்துக்கொள்கிறது.

நேப்பிள்ஸின் பழைய நகரத்தில் வெயிலைத் தேட வேண்டும். கிரேக்கர் வகுத்த தெரு அமைப்பு மாறவே இல்லை. அகலம் கூடாமல் வீடுகள் மட்டும் ஐந்து மாடி, ஆறு மாடி என்று உயர்ந்துவிட்டன. உச்சிவேளையிலும் சந்துகளுக்குள் அரை இருட்டு. இந்த இருட்டைக் கண்ணில் வாங்கிக்கொண்டு ட்ரிபுனாலி தெருவில் நடந்து, பியோ மோன்தே தெல்லா மிசெரிகோர்தியா என்ற அறக்கட்டளையின் தேவாலயத்துக்குள் நுழைய வேண்டும். நடுப்பீடத்துக்கு மேல், ஏறத்தாழ நாலு மீட்டர் உயரமுள்ள ஓவியம்: கரவாஜியோவின் 'இரக்கத்தின் ஏழு செயல்கள்'.

ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு 1606-இல் தப்பி ஓடி வந்தவர் கரவாஜியோ. ஏழைகளுக்கு உதவப் பிரபுக்கள் எழுவர் சேர்ந்து தொடங்கிய இந்த அறக்கட்டளை, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு 400 டுகாட் கொடுத்து இந்தப் படத்தை வாங்கியது. அந்த ஏழு செயல்கள் இவை: பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடையற்றவருக்கு உடை, வழிப்போக்கருக்கு இடம், நோயாளியையும் கைதியையும் போய்ப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது. வேறு ஓவியராக இருந்தால் ஏழு கட்டம் போட்டு ஏழையும் தனித்தனியாக வரைந்திருப்பார். கரவாஜியோ அத்தனையையும் ஒரே இரவில், ஒரே சந்து முனையில் அடைத்துவிட்டார். அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அவரவர் வேலை அவரவருக்கு.

வலது ஓரத்தைப் பாருங்கள். சிறைக் கம்பிகளுக்கு வெளியே தலையை நீட்டிய கிழவனுக்கு அவன் மகள் தாய்ப்பால் கொடுக்கிறாள். பழைய ரோமானியக் கதை அது. உணவு, சிறை என்று இரண்டு செயல்கள் அந்த ஒருத்தியிலேயே முடிந்துவிடுகின்றன. அவள் முகமோ கிழவன் பக்கம் இல்லை. யாரோ வரும் சத்தம் கேட்டதுபோல் திரும்பியிருக்கிறது. கிழவனின் தாடியில் ஒரு சொட்டுப் பால். அவளுக்குப் பின்னால் பிணத்தைத் தூக்கிப் போகிறார்கள். நமக்குத் தெரிவது இரண்டு பாதங்கள் மட்டுமே, தீப்பந்த வெளிச்சத்தில். பிணத்தின் முகத்தைக் காட்டியிருந்தால் அவன் யாரோ ஒருவன் ஆகியிருப்பான். பாதம் மட்டும் என்பதால் அது எவருடையதாகவும் இருக்கலாம். கரவாஜியோ எதை வரையாமல் விட்டார் என்று பார்ப்பதற்கே அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

மேலே அன்னை மரியாவும் குழந்தையும். அவர்களுக்குக் கீழே பின்னிக் கிடக்கும் இரண்டு வானதூதர்களில் ஒருவன், காற்றையே பிடித்துத் தன்னை நிறுத்திக்கொள்வதுபோல் உள்ளங்கையை விரித்திருக்கிறான். அந்த விரல்களின் பாரம் எனக்கு எந்தச் சிற்பத்திலும் கிடைத்ததில்லை. இதே தெருக்களில் சான்மார்தீனோ 1753-இல் செதுக்கிய, மெல்லிய துணி போர்த்திய கிறிஸ்துவின் சிலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாடியில் இருக்கும் படக்கூடத்துக்கும் ஏறிப் போங்கள். தேவாலயத்தைப் பார்த்தபடி அங்கே ஒரு சாளரம் இருக்கிறது. கீழிருந்து பார்க்கும்போது நம் மேல் சரிந்து வருகிற கூட்டம், அங்கிருந்து நேருக்கு நேர் நிற்கும். வானதூதரின் இறகுகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம். கீழே இறங்கி வெளியே வந்தால் அதே தெருவில் பொரித்த பீட்சா. நின்றபடியே தின்றுவிட்டு தொலேதோ தெருவுக்கு நடந்தால், கரவாஜியோ சாகும் ஆண்டான 1610-இல் வரைந்த 'புனித ஊர்சுலாவின் சாவு' அங்குள்ள கலைக்கூடத்தில் இருக்கிறது.

லெ கொர்புசியேவின் குடியிருப்பை நாந்த் பக்கத்திலும் பெர்லினிலும்கூடப் பார்க்கலாம். அதே வகைக் கட்டடங்களை அங்கும் எழுப்பினார். அவருடைய கான்கிரீட்டுக்காகக் கடல் தாண்டவே வேண்டாம், சண்டிகருக்கு ரயில் ஏறினால் போதும். ஆனால் 'இரக்கத்தின் ஏழு செயல்கள்' படத்தை எந்த விலைக்கும் விற்பதில்லை என்று அறக்கட்டளை 1613-இலேயே முடிவெடுத்துவிட்டது. அந்த ஓவியத்தையும் அது பிறந்த இருட்டையும் சேர்த்துப் பார்க்க நேப்பிள்ஸுக்குத்தான் போக வேண்டும்.