மரம் திருடியவருக்கு விருந்து வைக்கும் ஊர்

மே 1 அன்று பவேரியாவில் ஒரு கிராமத்தில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கொஞ்சம்கூட மிகையில்லை. மியூனிக்கிலிருந்து புறநகர் ரயில் வரும் தூரத்தில், வாடகை குறைவு என்பதற்காகக் குடிவந்த ஊர் எங்களுடையது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு தீயணைப்பு நிலையம். மீதியெல்லாம் மாடும் புல்லும். ‘மைபௌம்’ நட்ட வருஷம் இங்கே இருந்துவிட்டேன். இனி நகரத்தில் சும்மா வீடு கொடுத்தாலும் போக மாட்டேன்!

மைபௌம் என்பது மே மாத மரம். குளிர்காலத்தில் நெடுநெடுவென வளர்ந்த ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை வெட்டி, பட்டை உரித்து, இழைத்து, பவேரியாவின் வெள்ளை-நீல வண்ணம் அடிக்கிறார்கள். முப்பது மீட்டர் வரைக்கும்கூட இருக்கும். தச்சர், கொல்லர், பேக்கரிக்காரர் என்று ஊரில் நடக்கும் தொழில்களின் சின்னங்களை இரண்டு பக்கமும் மாட்டி ஊர் நடுவில் நிறுத்துவார்கள். வெயிலிலும் பனியிலும் மரம் உளுத்துப்போகும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதை இறக்கிவிட்டுப் புதிது நடவேண்டும்.

இதெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே இருக்கும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் கொடுத்தது திருட்டுதான். ஆமாம், திருட்டு! நடுவதற்கு முன்னால் மரம் எங்கேயோ ஒரு கொட்டகையில் படுத்திருக்கும். அதைப் பக்கத்து ஊர் இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் களவாடலாம். போலீசுக்குப் போகக் கூடாது. போனால் மானம் போய்விடும். அடிதடி கூடாது, மரத்தில் ஒரு கீறல் விழக் கூடாது. காவல்காரர் ஒருவர் மரத்தின்மேல் கையை வைத்து “மரம் இங்கேதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டால் திருடர்கள் வாயைத் திறக்காமல் திரும்பிவிட வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்களானால் பிறகு பேரம்தான்: இத்தனை லிட்டர் பீர், இத்தனை பேருக்குச் சாப்பாடு. 2004-ல் ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான சுக்‌ஷ்பிட்சேயில் நட்டிருந்த மரத்தையே ஹெலிகாப்டர் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் இளைஞர் சங்கம் காவலுக்கு ஆள் சேர்த்தபோது என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் ராத்திரி அழைப்பு வந்தால் முகம் சுளிக்கிற மனுஷர், கம்பளிக் குல்லாயும் ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீயுமாகக் கிளம்பினார். விடியற்காலை வந்து, யாரும் வரவில்லையே என்று வருத்தப்பட்டார்!

எனக்குக் கிடைத்தது மாலை கட்டும் வேலை. மரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும் பச்சை மாலை அது. ஒரு கொட்டகையில் நீண்ட பெஞ்சுகளைப் போட்டு, நடுவில் ஊசியிலைக் கிளைகளைக் குவித்திருந்தார்கள். கயிற்றின்மேல் சின்னச் சின்னக் கொத்தாக வைத்து, கம்பியால் சுற்றி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவது மாதிரியேதான்; நாருக்குப் பதில் கம்பி, மல்லிகைக்குப் பதில் விரலைக் குத்துகிற ஊசியிலை. என் கை ஓடின வேகத்தைப் பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி எங்கே கட்டினே?”

“மதுரையில, பாட்டி. சாமிக்கு.”

“அப்போ நீ இந்த முனையைப் பிடி” என்று தன் இடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்தார். எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு சீக்கிரம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில்லை. பிசின் வாசனை எத்தனை சோப்பு போட்டும் கையை விட்டுப் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருந்தது.

இனி அந்த நாள். மரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி, முன்னால் பித்தளை வாத்தியக்காரர்கள் முழங்க, ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் தோல் கால்சட்டையில், பெண்கள் டிர்ண்டில் உடையில். நான் பட்டுப்புடவையில் போனேன். ஆளாளுக்கு வந்து ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இப்போது பல ஊர்களில் கிரேன் வந்துவிட்டது. எங்கள் ஊரில் கிரேன் என்ற பேச்சையே எடுக்க முடியாது. இரண்டிரண்டு கழிகளை நுனியில் கயிற்றால் பிணைத்து, கத்தரி மாதிரி விரித்து, அந்தக் கயிற்றில் மரத்தைத் தாங்குகிறார்கள். ‘ஷ்வைபெர்ல்’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஜோடிக்கும் ஆட்கள். நடுவில் ஒருவர் நின்று குரல் கொடுக்க, எல்லாரும் “ஹௌ ருக்!” என்று ஒரே மூச்சில் தள்ளுகிறார்கள். என் வாயில் தானாக “ஐலசா” வந்தது. ஒரு தள்ளலுக்கு மரம் ஒரு சாண் எழும்பினால் பெரிது. எழும்ப எழும்பக் குட்டைக் கழிகளை எடுத்துவிட்டு நீளக் கழிகளைக் கொடுக்க வேண்டும். ஒரு ஜோடியை உருவுகிற அந்த நொடியில் மற்ற ஜோடிகள் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கிறது, கழி முனகுகிறது, குழந்தைகள்கூடக் கப்சிப். திடீரென்று அந்த மனிதர் கையை உயர்த்தி நிறுத்துகிறார். என்னவோ ஏதோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒன்றுமில்லை, மரத்தை அண்டை கொடுத்து நிறுத்திவிட்டு எல்லாரும் பீர் குடிக்கப் போனார்கள்! பாதி சாய்ந்த மரத்தடியில் கொஞ்சம் பேர் மட்டும் காவல். பிறகு சாவகாசமாக வந்து மறுபடி தள்ளினார்கள். நேராக நின்றபோது தேவாலய மணியைவிட எங்கள் சத்தம்தான் பெரிது. தள்ளிக் களைத்த என் வீட்டுக்காரரை, பேர்கூடத் தெரியாத ஒரு விவசாயி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சாப்பாடு, ஆட்டம். ஒரு லிட்டர் கோப்பையில் பீர், உப்பு தூவிய பிரெட்சல், பாலாடைக்கட்டியில் வெங்காயம் போட்டுப் பிசைந்த ஓபாட்ஸ்டா. சைவமாகவும் வயிறு நிறையும், கவலை வேண்டாம். சில ஊர்களில் வழுக்கும் மரத்தில் ஏறுகிற போட்டியும் உண்டாம். உறியடி நாளில் வழுக்குமரம் பார்த்து வளர்ந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் எங்களுக்குப் புது மரம் கிடையாது. அதனால் என்ன, வேறொரு ஊர் நடப்போகிறதாம். இளைஞர் சங்கத்தார் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரோடு வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு ரகசியம் பேசுகிறார்கள். எந்த ஊர் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.