உயிர்நிலையும் அறமும்: ‘ஷடோ ஒவ் த கொலோசஸ்’ என்னும் வீடியோ விளையாட்டு குறித்து ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டுக்களை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருதல் பொருந்துமா என்னும் வினாவை முற்போக்கு வாசகர் சிலர் எழுப்பக்கூடும். அவற்றை முதலாளித்துவச் சந்தையின் பண்டமெனக் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், வீரம், பகை, வெற்றி ஆகியன பற்றிய படிமங்களை இன்றைய இளந்தலைமுறையினர் எங்கிருந்து பெறுகின்றனர் என்பதை ஆராயாது விடும் திறனாய்வு, தன் காலத்தையே ஆராயாது விடுகின்றது எனல் வேண்டும். இங்கு அவ்விளையாட்டுக்களின் போர்முறையில் நிலைபெற்றுவிட்ட மரபொன்றினை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். பகைவனின் உடலில் ஓரிடமே அவனது உயிர்நிலை. அதனைக் கண்டு தாக்கினாலன்றி அவன் வீழான் என்பதே அம்மரபு.

இது கணினியோடு பிறந்த மரபன்று. ஏழு கடலுக்கு அப்பால் கிளியொன்றின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனை நமது நாட்டார் கதைகள் அறியும். ஜேர்மானிய நிபெலுங்கர் காவியத்திலே, நாகப்பூதத்தின் குருதியில் நீராடிய சீக்பிரீட்டின் தோள்களுக்கிடையே இலையொன்று ஒட்டிக்கொண்டமையால் அவ்விடம் மட்டும் ஊறுபடத்தக்கதாய் எஞ்சிவிடுகின்றது. அவனைக் காப்பதாகக் கூறிய ஹாகனை நம்பிய மனைவி கிரீம்ஹில்ட், அவ்விடத்தைக் காட்டுமாறு அவனது ஆடையிற் சிலுவைக்குறி தைத்துவிடுகின்றாள். ஊற்றில் நீரருந்தக் குனிந்தவனை அக்குறி பார்த்தே ஹாகனின் ஈட்டி துளைக்கின்றது. மகாபாரதத்திலே துரியோதனனின் தொடையை வீமன் தாக்கியபோது, கதைப்போரின் நெறி பிறழ்ந்ததெனப் பலராமன் சினந்தெழுகின்றான். இவற்றை ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். காவியங்களில் உயிர்நிலை என்பது உடலின் ஓரிடம் மாத்திரமன்று. நம்பிக்கையும் துரோகமும், நெறியும் வெற்றியும் மோதிக்கொள்ளும் இடமுமாகும்.

வீடியோ விளையாட்டிலே இம்மோதல் அகன்றுவிடுகின்றது. 1985இல் யப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘கிரேடியஸ்’ விளையாட்டில், பகைவரின் பெருங்கலத்தை அழிப்பதற்குத் தடுப்புக்களை உடைத்து அதன் நடுக்கருவைச் சுடவேண்டும். 1998இல் நின்டென்டோ வெளியிட்ட ‘ஒக்கரினா ஒவ் ரைம்’ விளையாட்டில், ஒரு பொத்தானை அழுத்தியதும் வீரனின் பார்வை பகைவன்மீது நிலைகுத்துகின்றது; அதில் முதலில் எதிர்ப்படும் பேருருச் சிலந்தியின் உயிர்நிலை அதன் ஒற்றைக் கண்ணாகும். 2017இல் வெளிவந்த ‘ஹொரைசன் சீரோ டோன்’ விளையாட்டிலோ, கதைத்தலைவியின் காதருகேயுள்ள கருவி, இயந்திர விலங்குகளின் பலவீனமான உறுப்புக்களை ஒளியூட்டிக் காட்டிவிடுகின்றது. கிரீம்ஹில்ட் தைத்த குறியை இப்போது விளையாட்டே தைத்துத் தருகின்றது. அதனைப் பெறுதற்கு எவரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆதலின் எவரும் குற்றவாளியுமல்லர். அறப் பிரச்சினையாக இருந்தது தொழினுட்பப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகின்றது. சூதாடியின் கையசைவுக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியின் கையசைவுக்குமிடையே உள்ள ஒற்றுமையைப் போதலேயர் பற்றிய கட்டுரையில் வோல்டர் பெஞ்சமின் சுட்டிக்காட்டினார். ஒளிரும் இடத்தைக் கண்டு மீளமீளப் பொத்தானை அழுத்தும் விரல்களும் அவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்கனவே.

எனினும் இதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. சிறியவன் பெரியவனை வீழ்த்துவதற்கு வலிமையன்று, கூர்ந்த அவதானிப்பே வேண்டும் என்னும் நம்பிக்கையும் இம்மரபிலே பொதிந்துள்ளது. நாட்டார் கதைகளை மக்கள் போற்றியமைக்கும் இதுவே காரணமெனலாம். வெல்லவியலாதது எதுவுமில்லை என்னும் இக்குரலைக் கேளாது விளையாடுவோரைப் பழித்தல் திறனாய்வாகாது.

இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே வெளிக்கொணரும் ஆக்கமாக, ஃபுமிற்றோ உவேடாவின் இயக்கத்தில் 2005இல் பிளேஸ்ரேசன் 2 கருவிக்கென வெளிவந்த ‘ஷடோ ஒவ் த கொலோசஸ்’ விளையாட்டை நாம் கருதுகின்றோம். இறந்துபோன பெண்ணொருத்தியை உயிர்ப்பிக்க விழையும் வாண்டர் என்னும் இளைஞன், தடைசெய்யப்பட்ட நிலமொன்றினுள் நுழைகின்றான். பதினாறு பேருருவங்களைக் கொன்றால் அவள் மீளக்கூடும் என டோர்மின் என்னும் குரல் கூறுகின்றது. அவனது வாளை வெயிலில் உயர்த்தினால் சிதறும் ஒளி ஒன்றுகுவிந்து, முதலில் பேருருவம் இருக்கும் திசையையும் பின்னர் அதன் உயிர்நிலையையும் காட்டுகின்றது. மரபு இதுவரை மாறவில்லை. ஆனால் ஒளிக்குறியிலே வாளைப் பாய்ச்சியதும் கருங்குருதி பீறிட, வெற்றி முழக்கத்துக்குப் பதிலாக இரங்கலிசை எழுகின்றது. வீழ்ந்த உடலிலிருந்து கரிய இழைகள் புறப்பட்டுக் கொன்றவனையே துளைக்கின்றன. பதின்மூன்றாவது பேருருவம் வீரனைத் தாக்குவதேயில்லை. பாலைநிலத்தின் மேலே பறந்து திரியும் அதன் வயிற்றுப்புறப் பைகளை அம்பெய்து உடைத்து, அது தாழ்ந்துவரும்போது பற்றியேறிக் குத்தவேண்டும். தற்காப்பு என்னும் நியாயம் இங்கு இல்லை. ஒளிரும் குறி மட்டுமே உண்டு. இறுதியில் வாண்டரின் நெஞ்சிலே வாள் இறங்க, டோர்மின் அவனுடலிற் புகுந்து பேருருக் கொள்கின்றது. இப்போது விளையாடுபவன் இயக்குவது அந்த மந்தமான பெரிய உடலையே. சிறிய மனிதர் கீழே நின்று அம்பெய்கின்றனர். குறி பார்த்தவன் குறியாகிவிடுகின்றான். காவியத்திலிருந்து களவுபோன அறவினா, இவ்விடத்திலே விளையாட்டு வடிவத்தின் வழியாகவே மீட்கப்படுகின்றது.

ஆயினும் இவ்வாக்கத்தின் எல்லைப்பாட்டையும் சுட்டுதல் அவசியமாகும். அந்நிலத்திலே பிரமாண்டமான பாலமும் கோயிலும் உண்டு. அவற்றைக் கட்டிய கைகள் இல்லை. உழைப்போ ஊரோ சமூக உறவுகளோ அங்கு காட்டப்படவில்லை. எனவே குற்றவுணர்வு தனிமனிதனின் காதலுக்குள்ளும் துயருக்குள்ளும் அடங்கிவிடுகின்றது. கொல்ல மறுப்பவனுக்குக் கருவியை அணைத்து வைப்பதைத் தவிர வேறு வழியும் தரப்படவில்லை. 2018இல் புதுப்பொலிவுடன் இவ்விளையாட்டு மீளாக்கம் செய்யப்பட்டமை, மனச்சாட்சியின் உறுத்தலும் சந்தையில் விலைபோகும் என்பதை உணர்த்துகின்றது.

ஏகாதிபத்தியச் சங்கிலி அதன் பலவீனமான கண்ணியிலே அறும் என 1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சியை விளக்குமிடத்து மார்க்சியர் கூறுவர். அக்கண்ணி ஒளிவிட்டுத் தன்னைக் காட்டி நின்றதன்று. பருப்பொருளான நிலைமைகளைப் பகுத்தாராய்ந்து, பலர் கூடிக் கண்டறிந்த ஒன்று. தனியொரு வாள் அதனை அறுத்துவிடவுமில்லை. விளையாட்டின் உயிர்நிலைக்கும் வரலாற்றின் முரண்பாட்டுக்குமுள்ள வேறுபாடு இதுவேயாம். ஒளியூட்டிக் காட்டப்படும் இடத்தைக் கண்டதும் தாக்கப் பழகிய கண், அதனை ஒளியூட்டியவர் யார், அவர் நோக்கம் யாது என வினவப் பழகுவதில்லை. டோர்மினின் சொற்களை ஆராயாது பின்பற்றிய வாண்டர் இறுதிவரை கேளாத வினாவும் அதுவே. அவ்வினாவை விளையாடுபவனின் மனத்தில் எழுப்பிவிடுவதே இவ்வாக்கத்தின் சாதனை. அதற்கான விடையைச் சமூகத்திலே தேடுதல் நம் பணியாகும்.