பதிமூணு மாசம், இன்னும் நடக்கலை!

கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில், இடுப்பில் பையனோடு ஒரு இளம் தாய் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பாட்டியிடம் அவர் புலம்பியது என் காதிலும் விழுந்தது. "பதிமூணு மாசமாச்சு பாட்டி, இன்னும் பிடிக்காம நடக்க மாட்டேங்கான். எங்க மதினி மகன் பத்து மாசத்துலயே நடந்துட்டான்."

"கண்ணு பட்டிருக்கும் தாயி, சுத்திப் போடு" என்றார் பாட்டி.

அந்த பஸ் அடுத்துப் போய் நின்ற ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் குழந்தை வளர்வதை அணுஅணுவாகக் கவனித்துப் பாடினார். பெரியாழ்வார். பல்லாண்டையும் சேர்த்து 473 பாசுரங்கள். பக்தியோடு படிப்பவர்கள் படிக்கட்டும். நீங்கள் ஒரு தடவை கைக்குழந்தைக்காரியாகப் படித்துப் பாருங்கள்.

ஆரம்பத்திலேயே யசோதை அலுத்துக்கொள்கிறாள். தொட்டிலில் போட்டால் உதைக்கிறான், தூக்கினால் இடுப்பு ஒடிகிறது, அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, இளைத்தே போனேன் என்கிறாள். கடவுளை வளர்த்தவளுக்கே இந்த கதி! நம் வீட்டுப் பெண் இதைச் சொன்னால் மட்டும் 'பிள்ளை வளர்க்கத் தெரியலை' என்கிறோம்.

அப்புறம் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று போகிறது. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் எழுதியவர்கள் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களை வைத்துக் காலண்டர் போட்டார்கள். அந்த வரிசையில் நிலாவைக் கூப்பிடுவது பிற்பாதியில்தான் வரும். பெரியாழ்வாரிடமோ தாலாட்டு முடிந்த கையோடு நிலா வந்துவிடுகிறது. அவர் பார்த்தது குழந்தையை, காலண்டரை அல்ல. எனக்கு அவர்தான் சரி என்று படுகிறது.

விஞ்ஞானமும் கிட்டத்தட்ட அவர் கட்சிதான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிக்காமல் நடப்பது சுமார் 8 மாதத்திலும் வரலாம், 17½ மாதத்திலும் வரலாம். மதினி மகனும் சரி, இந்தப் பையனும் சரி, இதற்குள்தான்.

அம்புலிப் பாட்டில் இன்னொன்று. எச்சில் ஊறும் வாயால், புரியாத மழலையில், சின்னக் கையால் நிலாவைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுகிறான் பிள்ளை. நமக்கு இது அழகு. டாக்டருக்கு முக்கியமான அடையாளம். ஒன்றரை வயதாகியும் எதையும் இப்படிச் சுட்டிக் காட்டாத குழந்தையை அவர்கள் பரிசோதித்துப் பார்க்கச் சொல்வார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. பெரியாழ்வாரின் குழந்தை கடவுள். எப்படியும் நடந்துவிடுவான். நடக்காத பிள்ளையின் தாய்க்கு அங்கே ஒரு பாசுரமும் இல்லை. சாயங்காலம் கண்ணேறு படாமல் காப்பிட அழைக்கும் பத்துப் பாட்டு இருக்கிறது. பஸ்ஸில் வந்த பாட்டி அந்த வம்சம்தான். சுத்திப் போடுவதில் தப்பில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

அந்தத் தாயிடம் அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். மதினி மகனோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பிள்ளையைப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா, கை தட்டுகிறானா, விரலால் காட்டுகிறானா? இல்லையென்றாலும், தெரிந்ததை மறக்கிறான் என்றாலும், ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றாலும், 'தானா சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

காப்பும் இடுங்கள். டாக்டரையும் பாருங்கள். யசோதைக்கு முதலாவது மட்டும்தான் கிடைத்தது.