கார்டு கொடுத்தாச்சு, கல்லீரலை யார் பார்க்கிறது?

போன மாசம் உக்கடத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல எனக்கு 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று எழுதிக் கொடுத்தாங்க. "நடங்க, இனிப்பைக் குறைங்க" என்றார் டாக்டர். எனக்கு அது போதும். இதே வரி ஒரு சிக்கிள் செல் நோயாளியின் ரிப்போர்ட்டில் வந்தால் போதுமா?

இது நமக்குத் தூரத்து நோய் இல்லை. இந்தியாவில் சிக்கிள் செல் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று, 1952-ல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டது. 2023 ஜூலையில் மத்திய அரசு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது: 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பு. நல்ல திட்டம்தான். ஆனால் செய்திகளில் அடிபடுவது எத்தனை பேரைச் சோதித்தோம், எத்தனை கார்டு கொடுத்தோம் என்ற கணக்கு. எங்க தொழிலில் பக்கைக் கண்டுபிடிச்சதை யாரும் சரிசெய்ததாகச் சொல்ல மாட்டோம்.

கண்டுபிடிச்ச பிறகு என்ன நடக்குது? வளைந்த அணுக்கள் கல்லீரலின் சிறு குழாய்களை அடைக்கும். அணுக்கள் சீக்கிரம் உடைவதால் பித்தப்பையில் கல் சேரும். அடிக்கடி ரத்தம் ஏத்தினால் இரும்பும் சேரும். தலசீமியாவில் பெரிய பிரச்சினையே இதுதான். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு. உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவது 1, 2 மில்லிகிராம்தான். 20 யூனிட் ஏத்தினால் 4 கிராமுக்கு மேல் வரும். ஒரு ஆளோட உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான்! மிச்சம் முதலில் கல்லீரலில் படியும். வலியே இல்லாமல் தழும்பாகி, சிரோசிஸ் வரை போகலாம்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் இரும்பை நம்பகமாகக் காட்டாது. ஃபெரிட்டின் டெஸ்ட்டும் தனியாகப் போதாது. கொழுப்புக் கல்லீரலிலும், காய்ச்சல், அழற்சியிலும் அது ஏறும். ஒரே எரர் கோடு, பல காரணம். இரும்பை அளக்க எம்ஆர்ஐ இருக்கு. வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் மாதிரி மாத்திரையும் இருக்கு.

'முதலில் கண்டுபிடிக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்' என்பார்கள். நியாயம்தான். ஆனால் மலையிலேயே இருந்து தொடர்ந்து பார்க்க முடியும் என்பதற்குக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை கண்ணெதிரே இருக்கு. அதனால் இன்னொரு எண்ணையும் வெளியிடச் சொல்லணும்: ரத்தம் ஏத்திக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த வருஷம் கல்லீரல் பார்த்தாச்சு?

உங்க வீட்டில் சிக்கிள் செல்லோ தலசீமியாவோ இருந்து, ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தால், இதுவரை எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கு என்று எண்ணி டாக்டரிடம் சொல்லுங்க. அந்த எண் எந்த ஸ்கேனிலும் தெரியாது.