யார் பெயரையும் சொல்லாத சொல்

2024-ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர் 'போலரைசேஷன்' (துருவமயமாதல்) என்பதைத் தேர்ந்தெடுத்தது. இடதுசாரி ஊடகமும் வலதுசாரி ஊடகமும் ஒருசேரப் புழங்கும் சொல் என்று அதைச் சிறப்பித்தார்கள். இருதரப்புக்கும் அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அந்தச் சொல் யார்மீதும் குற்றம் சுமத்துவதில்லை.

அது சுட்டும் நிலைமை உண்மைதான். எதிர்க்கட்சிக் குடும்பத்தில் பிள்ளை மணமுடித்தால் வருந்துவோம் என்ற அமெரிக்கர்கள் 1960-இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. 2010-இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றிலொருவர் அப்படிச் சொன்னார்கள்.

ஆனால் இந்தச் சொல்லை இயற்பியலர் கையாளும் ஒழுங்கே வேறு. 1808-இல் பாரிஸில் எத்தியென் மாலுஸ், லக்ஸம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைக் கால்சைட் படிகம் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்பப் பிம்பம் மங்கியது. அங்கே இரண்டு முகாம்கள் எதிரெதிராக விலகவில்லை. பல திசைகளில் இருந்த அதிர்வு ஒரு திசைக்குள் அடங்கியது. எந்தப் பரப்பு, என்ன கோணம் என்று சொல்லாமல் இயற்பியலர் இதைப் பேசமாட்டார்.

அரசியல் எழுத்தாளர்கள் விழுங்கிவிடுவது அந்தக் கோணத்தைத்தான். 2020 அதிபர் தேர்தலை எதிர்த்த வழக்குகள் அறுபதுக்கு மேல் தோற்ற பின்னும், 2021 ஜனவரி 6-இல் கூடிய நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் 147 பேர் அதன் முடிவுக்கு எதிராக வாக்களித்தார்கள். மறுதரப்பு செய்ததெல்லாம் முடிவை ஏற்றதுதான். 'நாடு துருவமயமாகிவிட்டது' என்று இதை எழுதினால் தள்ளியவரும் தள்ளப்பட்டவரும் சமபங்காளிகள் ஆகிறார்கள். நடுநிலை என்ற பெயரில் நடப்பது சோம்பேறித்தனம். பல வேளைகளில் கோழைத்தனம்.

பழைய ஒற்றுமைக்கான ஏக்கமும் இதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இரு கட்சிகளுக்கும் போதிய வேறுபாடு இல்லை என்று அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழுவே 1950-இல் குறைபட்டுக்கொண்டது. தென்மாநில ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் குடிமையுரிமை மசோதாக்களை முடக்கிப்போட்ட காலம் அது. கறுப்பினத்தவர் உரிமையை அடகுவைத்து வாங்கிய அமைதியை இன்று நல்லிணக்கம் என்கிறார்கள்.

மார்ட்டின் லூதர் கிங்கை 1966-இல் கேலப் கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் எதிர்மறையாக மதிப்பிட்டனர். இன்றைய தலையங்க மொழியில் அவர் 'பிளவுபடுத்தும் தலைவர்' ஆகியிருப்பார். அவர் 1955-இல் மான்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்புக்குத் தலைமையேற்கும் முன்பே, அந்த ஊர்ப் பேருந்துகளில் யார் எந்த இருக்கையில் உட்காரலாம் என்பதைச் சட்டம் பிரித்துவைத்திருந்தது.