பைத்தானின் ‘டைம்ஸோன்’ ஒரு டைம்ஸோனே இல்லை

இரண்டு வருஷம் முன்னாடி இதே வலைப்பதிவில் எங்க அப்பாவோட ஜாதகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். தாத்தாவின் நோட்டில் பிறந்த நேரம் காலை 10.20, 1943 ஏப்ரல் நடு, தஞ்சாவூர். ஜாதகத்தில் உதயாதி 8¼ நாழிகை. நாலு வரி பைத்தான் எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு அங்கே சூரிய உதயம் சுமார் 6.03. அங்கிருந்து 10.20 வரை 257 நிமிஷம், நாழிகைக்கு 24 நிமிஷம், ஆக 10¾ நாழிகை வரணும். ஜோசியர் இரண்டரை நாழிகை கோட்டை விட்டுட்டார்னு தைரியமா எழுதிட்டேன். அத்தைக்கு அதில் ரொம்ப வருத்தம்.

இரண்டரை நாழிகைன்னா சரியா ஒரு மணி நேரம். அவ்வளவு கச்சிதமான வித்தியாசம் அப்பவே உறுத்தியிருக்கணும். உலகப் போர் சமயத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியாவின் பொது நேரம் ஒரு மணி முன்னால் ஓடியது. யுடிசியோடு ஐந்தரைக்குப் பதில் ஆறரை மணி வித்தியாசம். நோட்டில் இருக்கும் 10.20 இன்றைய கணக்கில் 9.20. உதயத்திலிருந்து 197 நிமிஷம், எட்டே கால் நாழிகைக்கு ஒரு நிமிஷம்தான் குறைச்சல். ஜோசியர் சரி.

தப்பு என்னுடையதுதான், மறுக்கல. ஆனா பைத்தானின் டேட்டைம் மாட்யூல் என்னை அந்தப் பக்கம் கைபிடிச்சு கூட்டிட்டுப் போச்சுன்னு சொல்ல வேண்டியிருக்கு. அதில் ‘டைம்ஸோன்’ என்ற பெயரில் ஒரு கிளாஸ் இருக்கிறது, 3.2 பதிப்பில் வந்தது. அதற்கு 5 மணி 30 நிமிஷம் என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், எந்த வருஷத்துக்கும் அதே ஐந்தரைதான். அது ஸோன் இல்லை, வெறும் ஆஃப்செட். ஸோன் என்பது ஓர் ஊரின் கடிகார வரலாறு. எந்த ஊர்னே கேட்காத ஒரு கிளாஸுக்கு அந்தப் பெயரை வைத்தது இந்த மாட்யூலின் பெரிய குற்றம் என்பேன். யுடிசிநவ் என்ற ஃபங்ஷன் யுடிசி நேரத்தைத் தந்துவிட்டு, அது யுடிசி என்ற குறிப்பை மட்டும் ஒட்டாமல் விட்டது இதற்கு அடுத்த குற்றம். 3.12இல்தான் அதைக் கைவிடச் சொன்னார்கள். (3.5க்கு முன்னால் நள்ளிரவு 00:00 என்ற நேரத்தை ‘இஃப்’ போட்டுக் கேட்டால் பொய் என்று சொல்லும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன்.)

நிஜமான ஸோன் பைத்தானுக்குள்ளேயே வந்தது 2020இல், 3.9 பதிப்பின் ஸோன்இன்ஃபோவில். அதில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்து 1943ஐக் கேட்டால் ஆறரை என்கிறது. 1900ஐக் கேட்டால் 5 மணி 21 நிமிஷம் 10 நொடி. அது மெட்ராஸ் நேரம், கொல்கத்தா பெயரில் உட்கார்ந்திருக்கிறது!

சரி, பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சேன். தீரல. 1942 ஆகஸ்ட் 31 இரவு 10 மணி, மறுநாள் விடிகாலை 2 மணி, இரண்டையும் அதே ஸோனில் வைத்துக் கழித்துப் பாருங்கள். பைத்தான் நாலு மணி என்கிறது. நடுவில் கடிகாரம் 12லிருந்து 1க்குத் தாவியது, உண்மையில் கழிந்தது மூணு மணிதான். இரண்டும் ஒரே ஸோன் என்றால் ஸோனையே கண்டுகொள்ளாமல் முள்ளை மட்டும் பார்த்துக் கழிக்கிறது. இது பிழை இல்லை, ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ‘நாளைக்கு இதே நேரம்’ என்று கூட்டும்போது கடிகார நேரம் மாறக் கூடாது என்பது அவர்கள் வாதம். கூட்டலுக்கு அது நியாயம். கழித்தலில் நான் கேட்பது எவ்வளவு நேரம் ஆச்சு என்று. அதற்கும் அதே விதியைப் போட்டது சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. இரண்டையும் முதலில் யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் மூணு மணி வருகிறது. வேறு வழி இல்லை.

ஒன்று சொல்லணும். இந்த ஸோன் தரவு 1970க்குப் பிந்தைய காலத்துக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் சொந்த நேரத்தை விடவில்லை. அதெல்லாம் இதில் தனியாகக் கிடையாது. எங்க சித்தப்பா ஒருத்தர் 1946இல் மாதுங்காவில் பிறந்தவர். அவர் ஜாதகத்தில் ராத்திரி 11.50 என்று மட்டும் இருக்கிறது, எந்தக் கடிகாரம்னு இல்லை. என் அட்டவணையில் அவருடைய வரிசையைக் காலியாக விட்டிருக்கேன்.

பழைய பதிவின் தலையில் திருத்தம் போட்டாச்சு. அத்தைக்கு போன் பண்ணிச் சொன்னேன். “இப்பவாவது தெரிஞ்சுதே”ன்னாங்க.